சுரைக்காய் ஆணம்: முஸ்லிம் அடுக்களையில் காய்கறிகள் வந்த வழி



சில மாதங்களுக்கு முன் நாம் ஓதிக்கொடுக்கும் மத்ரஸாவில் நிகழ்ந்த சிறு சம்பவம் ஒன்றே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. விடுமுறைக் கால வகுப்பில் பிள்ளைகள் மதிய உணவுப் பாத்திரங்களைத் திறந்து அமர்ந்திருந்தனர். ஒரு சிறுவன் மட்டும் தன் பாத்திரத்தின் மூடியைக் கையால் மறைத்தவாறு உண்டுகொண்டிருந்தான். பக்கத்தில் இருந்தவன் எட்டிப் பார்த்து, "இது பாய் வீட்டுச் சோறாடா? வெறும் காயா இருக்கு!" என்று சிரிக்க, மற்றவர்களும் சேர்ந்து சிரித்தனர். அவன் பாத்திரத்தை மூடிவிட்டான். அருகே சென்று நாம் கேட்டபோது, தலையைக் குனிந்துகொண்டு, "சுரைக்காய்க் கூட்டு, ஹஜ்ரத்" என்றான்.

சிரித்த பிள்ளைகள் மீது நமக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் அதை எங்கோ கேட்டுக் கற்றிருக்கிறார்கள். வலீமா என்றால் பிரியாணி, விருந்தாளி வந்தால் கறி, காய்கறி என்றால் மாதக் கடைசி என்று நாம் நடந்துகொள்வதைப் பார்த்து வளர்பவர்கள் வேறு எதை எண்ணுவார்கள்? எனினும் அன்று மறைக்கப்பட்டது எந்தக் காய் என்பதை எண்ணியபோது மனம் சற்றுக் கனத்தது. உணவு வகைகளுள் நபி (ஸல்) அவர்கள் விரும்பித் தேடி உண்டதாக ஆதாரப்பூர்வமாக அறிவிக்கப்படும் காய் அதுவே.

அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் அந்தச் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. தையற்காரர் ஒருவர் உணவு சமைத்து நபியவர்களை அழைத்தார். அனஸும் உடன் சென்றார். வாற்கோதுமை ரொட்டியும், சுரைக்காயும் உப்புக்கண்டமும் இட்ட குழம்பும் வைக்கப்பட்டன. நபியவர்கள் தட்டின் ஓரங்களில் சுரைக்காய்த் துண்டுகளைத் தேடித்தேடி எடுத்ததைத் தாம் கண்டதாகவும், அந்நாள் முதல் சுரைக்காய் தமக்கும் விருப்பமாகிவிட்டதாகவும் அனஸ் (ரலி) கூறுகிறார். கறியும் அதே தட்டில்தான் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இங்கே ஒரு மொழிச் சிக்கலையும் சொல்லிவிடுவோம். இச்செய்தியில் வரும் 'துப்பாஃ' என்னும் சொல்லைச் சிலர் பறங்கிக்காய், அதாவது மஞ்சள் பூசணி, என்று பெயர்த்துச் சொல்வதுண்டு. அது சரியாகாது. மஞ்சள் பூசணி அமெரிக்கக் கண்டத்துக் கொடி. 1492-இல் கொலம்பஸ் அங்கே செல்லும் வரை அரபு மண்ணோ நம் மண்ணோ அதைக் கண்டதில்லை. சுரையோ ஆப்பிரிக்காவில் தோன்றி, மிகப் பழங்காலத்திலேயே உலகெங்கும் பரவிவிட்ட கொடி. ஆகவே மதீனத்துத் தையற்காரரின் தட்டில் இருந்தது சுரைக்காய். யூனுஸ் (அலை) அவர்கள் மீனின் வயிற்றிலிருந்து வெளிப்பட்டபின் அவர்களுக்கு நிழலாக முளைத்ததாகக் குர்ஆன் (37:146) கூறும் 'யக்தீன்' என்னும் கொடியையும் விரிவுரையாளர்களில் பெரும்பாலோர் சுரை என்றே விளக்கினர்.

மதீனத்தின் காய்கறி வரலாற்றில் நம் நெஞ்சை மிகத் தொடுவது ஒரு மூதாட்டியின் பானை. ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரியின் ஜுமுஆ பாடத்தில் அது பதிவாகியுள்ளது. அம்மூதாட்டி தம் தோட்டத்து வாய்க்கால் ஓரங்களில் 'ஸில்க்' என்னும் கீரையை நட்டு வளர்த்தார். வெள்ளிக்கிழமை வந்ததும் அதன் வேர்த்தண்டுகளைப் பிடுங்கிப் பானையிலிட்டு, ஒரு பிடி வாற்கோதுமையை அரைத்துச் சேர்த்துச் சமைப்பார். தோழர்கள் தொழுதுவிட்டுத் திரும்பும் வழியில் அவருக்கு ஸலாம் சொல்வார்கள். அவர் அந்த உணவைப் பரிமாறுவார். அந்தக் கீரைத் தண்டுகளே அதில் இறைச்சித் துண்டின் இடத்தில் இருந்தன என்றும், அதில் கொழுப்போ நெய்ப்போ இல்லை என்றும், அதற்காகவே தாங்கள் வெள்ளிக்கிழமையை எதிர்பார்த்து மகிழ்ந்ததாகவும் ஸஹ்ல் (ரலி) நினைவுகூர்கிறார். ஸில்க் என்பது பீட்ரூட்டின் குடும்பத்தைச் சேர்ந்த கீரை. இன்றைய சிவந்த உருண்டைக் கிழங்காக அதை எண்ண வேண்டாம். அந்த வடிவம் பிற்காலத்தில் ஐரோப்பாவில் உருவானது.

அந்தப் பெண்மணியின் பெயரை அவ்வறிவிப்பு நமக்குச் சொல்லவில்லை. வாய்க்கால் ஓரத்துக் கீரையும் ஒரு பிடி தானியமும் கொண்டு அவர் ஆக்கிய ஆணத்தின் சுவை மட்டும் ஹதீஸ் நூலில் தங்கிவிட்டது. அடுக்களை வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

இதைக் கொண்டு இறைச்சியை எவரும் குறைத்துப் பேசலாகாது. அது அல்லாஹ் அனுமதித்த உணவு. நபியவர்களும் விரும்பி உண்டார்கள். ஆயினும் அன்றாடம் இறைச்சி என்பது முதல் தலைமுறையின் வழக்கமாக இருந்ததில்லை. மதுவுக்குப் போலவே இறைச்சிக்கும் மனிதனை இழுத்துப் பிடிக்கும் பழக்கம் ஒன்று உண்டென்று உமர் (ரலி) எச்சரித்ததாக இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் உள்ளது. ஆசைப்பட்டு ஒரு திர்ஹமுக்கு இறைச்சி வாங்கிச் சென்ற ஜாபிர் (ரலி) அவர்களிடம், அண்டை வீட்டாருக்காகவும் உறவினருக்காகவும் வயிற்றைச் சற்றுக் காலியாக விடக் கூடாதா என்று உமர் (ரலி) கேட்டதும் அதே பாடத்தில் வருகிறது. மற்றொரு சமயம் ஜுமுஆ உரையிலேயே அவர்கள் வெங்காயத்தையும் வெள்ளைப்பூண்டையும் பற்றிப் பேசினார்கள். அவற்றை உண்ண விரும்புவோர் சமைத்து, அவற்றின் வாடையைச் சாகடித்து உண்ணட்டும் என்பது அவர்களின் அறிவுரை. இது முஸ்லிமில் உள்ளது. மிம்பரில் நின்று அடுக்களை நுணுக்கம் ஒன்றைச் சொன்ன கலீஃபா என்று மாணவர்களிடம் நாம் சொன்னால் அவர்கள் கண்கள் விரிகின்றன.

மதீனாவிலிருந்து பாக்தாதுக்கு வருவோம். அங்கேதான் கத்தரிக்காய் மேடையேறுகிறது. கத்தரி நம் நாட்டுச் செடி. வடமொழிப் பெயர் பாரசீகத்தில் 'பாதிங்கான்' ஆகி, அரபியில் 'பாதிஞ்ஜான்' ஆயிற்று. முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயின் நாட்டுக்கு அரபியர் வழியாகச் சென்று அங்கே 'பெரென்ஹேனா' ஆனது; போர்த்துக்கீசியர் நாவில் 'பெரிஞ்செலா'. அவர்கள் கப்பலேறி இங்கு வந்தபின் அதுவே 'பிரிஞ்சால்' என்று திரும்பி வந்தது. இன்று ஆங்கிலம் பேசும் நம் பிள்ளைகள் சொல்லும் அச்சொல், உலகைச் சுற்றிவிட்டுத் தாய்வீடு திரும்பிய சொல்! தமிழிலோ வழுதுணை என்பது அதன் பழம்பெயர். குமரி மாவட்டத்தார் இன்றும் வழுதலங்காய் என்கின்றனர்.

கத்தரியைப் பாக்தாத் மருத்துவர்கள் முதலில் ஐயத்தோடுதான் பார்த்தார்கள். கசப்பு மிக்கது, மனச்சோர்வை வளர்ப்பது என்றனர். அதனை வெட்டி உப்புநீரில் ஊறவைத்துக் கசப்பை இறக்கி, பின் எண்ணெயில் வாட்டும் முறையைச் சமையற்காரர்கள் கண்டுகொண்டபின் அதன் காலம் மாறியது. கலீஃபா மஅமூன், தம் அமைச்சர் ஹஸன் பின் ஸஹ்லின் மகள் பூரானை ஹிஜ்ரி 210-இல், அதாவது 825-ஆம் ஆண்டளவில், மணந்துகொண்டார். ஆடம்பரத்திற்காக நூல்கள் பேசும் திருமணம் அது. அந்தப் பூரானின் பெயரால் வழங்குவதே பூரானிய்யா என்னும் பொரித்த கத்தரி உணவு. பத்தாம் நூற்றாண்டில் இப்னு ஸய்யார் அல்வர்ராக் தொகுத்த சமையல் நூலில் அது உள்ளது. அதே நூலில் 'முஸவ்வராத்' என்றொரு வகையும் உண்டு. 'போலி' என்பது பொருள். அதாவது இறைச்சி இல்லாமல் இறைச்சி உணவின் சாயலில் ஆக்கப்பட்டவை. நோயாளிகளுக்கும், தவக்காலத்தில் இறைச்சி தவிர்க்கும் கிறிஸ்தவ மக்களுக்கும் உரியவையாக அவை சொல்லப்படுகின்றன. நம் வீடுகளில் கறிக்கோலாவின் சாயலில் வாழைப்பூக் கோலா உருட்டும்போது, ஆயிரம் ஆண்டுப் பழக்கம் ஒன்றைத்தான் செய்கிறோம்.

கத்தரிக்காயின் புகழ் எல்லை மீறியதும் உண்டு. அது எல்லா நோய்க்கும் மருந்து என்று நபியவர்கள் பெயரால் ஒரு செய்தி புனையப்பட்டது. எழுபது நபிமார் பருப்பைப் புகழ்ந்தார்கள் என்று மற்றொன்று. ஹிஜ்ரி 751-இல் (1350) மறைந்த இமாம் இப்னுல் கையிம் அவர்கள் 'அல்மனாருல் முனீஃப்' என்னும் நூலில் இவற்றை எடுத்துக்காட்டி, இவை இட்டுக்கட்டப்பட்டவை என்று கடுமையாக மறுக்கிறார்கள். இன்றும் வாட்ஸ்அப்பில் காய்கறிகளின் சிறப்பு என்று இவை சுற்றுகின்றன. நல்ல நோக்கத்துடன் அனுப்புகிறார்கள் என்பதை அறிவோம். ஆனால் நபியவர்கள் சொல்லாததைச் சொன்னதாகச் சொல்வது சிறிய காரியமா? சுரைக்காய்க்கு ஆதாரம் இருக்கிறது. கத்தரிக்காய்க்கு அதன் சுவையே போதும்.

இப்னுல் கையிம் அவர்கள் திமிஷ்கில் வாழ்ந்த அதே 1340-களில் தான்ஜாவிலிருந்து புறப்பட்ட பயணி ஒருவர் நம் மண்ணில் நடந்துகொண்டிருந்தார். இப்னு பதூதா மஅபர் கரையில் இறங்கி, மதுரையில் சுல்தான் கியாஸுத்தீன் தாமகானியின் அவையில் தங்கியவர். மேற்குக் கரையில் ஹொன்னாவர் சுல்தான் ஜமாலுத்தீன் அவர்களின் உணவு வரிசையை அவர் எழுதி வைத்திருக்கிறார். முதலில் சோறு, அதன்மேல் நெய், தொட்டுக்கொள்ளப் பச்சை மிளகுக் கொத்து, இஞ்சி, எலுமிச்சை, மாங்காய் ஊறுகாய்கள், பின்னர் கோழி, மீன், அதன்பின் நெய்யில் சமைத்த காய்கறிகள், முடிவில் மோர். மிளகாய் எங்கும் இல்லை. அது இன்னும் கடல் கடந்து வரவில்லை. சோற்றைப் பற்றி மட்டும் பாவம், அவருக்குப் பெரிய மனக்குறை. மாலத்தீவு, இலங்கை, மஅபர், மலபார் என்று மூன்றாண்டுகள் சோறே தின்று, பின்னர் தண்ணீர் குடித்தால்தான் அது தொண்டையில் இறங்கும் நிலைக்கு வந்துவிட்டதாக எழுதுகிறார். நெல்லைச் சீமையில் ஒரு சொதி கிடைத்திருந்தால் அவர் அப்படி எழுதியிருப்பாரா என்று நாம் எண்ணுவதுண்டு.

பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் நம் கடலோடிகளின் கப்பல்களை எரித்தனர். அதே காலத்தில் அவர்களுடைய வணிகத் தொடர்பின் வழியே மிளகாயும், பின்னர் தக்காளி, உருளைக்கிழங்கு முதலியனவும் இந்நாட்டுக்கு வந்தன. மிளகின் காரத்தை ஒத்த காய் என்பதால் தமிழர் அதை மிளகாய் என்றனர். பறங்கிக்காய் என்னும் பெயரிலோ நம் வரலாறே அடங்கியிருக்கிறது. ஐரோப்பியரைக் குறிக்க அரபியர் வழங்கிய 'இஃப்ரஞ்ச்', பாரசீகரின் 'ஃபரங்கி' ஆகிய சொற்களே தமிழில் பறங்கி ஆயிற்று. அமெரிக்கக் காய், ஐரோப்பியர் கொண்டுவந்தது, அரபு வழிப் பெயர், தமிழர் தோட்டம்!

இனி நம் ஊர்ப்பக்கம். 2019 நவம்பரில் நெல்லையிலிருந்து பிரிந்த தென்காசி மாவட்டத்தில் மேற்கும் கிழக்கும் இரண்டு உலகங்கள். மேற்கே குற்றாலச் சாரலும் சிற்றாறும். அங்கே பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிக் கிழக்கிந்தியக் கம்பெனியார் ஜாதிக்காய், கிராம்பு, இலவங்கப்பட்டை முதலியவற்றைத் தோட்டமிட்டு வளர்த்துப் பார்த்தனர். செங்கோட்டை, பண்பொழிப் பக்கம் பலா காய்க்கிறது. புளியங்குடி எலுமிச்சைக்குப் பெயர் பெற்றது. பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து லாரி லாரியாகக் காய்கறி கேரளத்திற்குப் போகிறது. கிழக்கே, சங்கரன்கோவிலைத் தாண்டித் திருவேங்கடம் வந்தால் மண் கறுத்துவிடும். கரிசல் பூமி, வானம் பார்த்த பயிர். வடகிழக்குப் பருவமழை பெய்தபின் நிலத்தில் தானாக முளைக்கும் அதலைக்காய் இப்பகுதியின் செல்வம். பாகற்காயின் தம்பி போலச் சிறியது, கசப்பு உண்டு. விதைப்பாரும் இல்லை, நீர் பாய்ச்சுவாரும் இல்லை. சிறு வெங்காயத்துடன் நல்லெண்ணெயில் வதக்கினால் அதற்கு இணை இல்லை. சீனியவரைக்காய், பீர்க்கு, மிதுக்கு வற்றல், சுண்டை வற்றல் என்று இந்த வறண்ட பக்கத்தின் அடுக்களை தன் கையிருப்பை வைத்திருக்கிறது.

இம்மண்ணின் முஸ்லிம் வீடுகளில் குழம்பை 'ஆணம்' என்றே பலரும் சொல்லி வந்தனர். புளியாணம், பருப்பாணம், மீனாணம். பிற மொழிச் சொல் என்று நம் பிள்ளைகள் சிலர் நினைக்கிறார்கள். அது தமிழ் அகராதிகளில் இடம்பெற்ற பழஞ்சொல். பெரும்பாலான தமிழர் மறந்துவிட்ட அதை முஸ்லிம் பெண்களின் நாவு காப்பாற்றி வைத்திருக்கிறது. புளியாணமும் பருப்பாணமும் இறைச்சி இல்லாத உணவுகள் என்பதையும் கவனிக்க. காய்கறிச் சோறு 'நம்முடையது அன்று' என்றால் இச்சொற்கள் எங்கிருந்து வந்தன?

அண்டை வீட்டாரிடமிருந்து கொண்டதும் நிறைய. சைவ வேளாளர் வீட்டுத் திருமணத்தின் மறுநாள் விருந்துக்குரிய சொதி, தேங்காய்ப்பாலில் காய்கறிகள் வெந்த மென்மையான குழம்பு. அரிசி, பருப்பு, காய்கறி, முருங்கைக்கீரை எல்லாம் ஒரே பானையில் வேகும் கூட்டாஞ்சோறு. இவ்விரண்டும் இன்று எத்தனையோ முஸ்லிம் வீடுகளில் வாரம் தவறாமல் உண்டு. எம் தாயார் சொதி வைக்கக் கற்றது பக்கத்து வீட்டு ஆச்சியிடம். பெருநாளன்று அந்த வீட்டுக்குக் கறிச்சோறு போகாது. அவர்களுக்கென்று நெய்ச்சோறும், எலும்பு சேர்க்காத தால்ச்சாவும் தனிப் பாத்திரத்தில், தனிக் கரண்டியில் ஆக்கிப் போகும். அண்டை வீட்டாருக்குக் கொடுக்கக் குழம்பில் நீரைக் கூட்டிக்கொள்ளுமாறு நபியவர்கள் அபூதர் (ரலி) அவர்களிடம் சொன்னதை எம் தாயார் எந்த நூலிலும் படித்தவரல்லர். பருப்பும் கத்தரியும் மாங்காயும் வெந்த அந்தப் பாத்திரம் இல்லாவிட்டால், இரு வீடுகளுக்கும் இடையே பெருநாள் அன்று என்ன போய் வந்திருக்கும்?

தால்ச்சா கடலும் கடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்கள் பலர் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பிழைப்புத் தேடிச் சென்றனர். சிங்கப்பூரில் 1941-இல் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்னும் அமைப்பைக் கண்டதும், 1946-இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியதும் அவர்களே. தமிழ் முஸ்லிம்களின் சமையல் அங்கே மலாய் மக்களின் விருந்தில் கலந்துவிட்டது. இன்று மலேசியத் திருமண விருந்துகளில் நெய்ச்சோற்றுடன் பரிமாறப்படும் 'டால்ச்சா' நம்முடையதேதான். கத்தரி, உருளை, முருங்கை, காரட் என்று அதில் காய்களே மிகுதி. கறி இல்லாவிட்டாலும் அது டால்ச்சாதான். அங்கே அதை மறைத்து உண்பார் எவரும் இல்லை.

நம் வீட்டுக் காய்கறிக்குச் சுவை ஏன் குறைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கறிக்கு ஒரு மணி நேரம் செலவிடும் நாம் காய்க்குப் பத்து நிமிடம் தருகிறோம். கறியில் கொழுப்பு உண்டு. மசாலாவின் மணம் அதில் கரைந்து நாவில் தங்கும். காயில் அது இல்லை. ஆகவே அதை நாம் கொடுக்க வேண்டும். சிறு வெங்காயத்தைப் பொன்னிறம் தாண்டும் வரை பொறுமையாக வதக்குவது, தேங்காயையும் சோம்பையும் வறுத்து அரைப்பது, பருப்பைக் குழைய வேகவைத்துச் சேர்ப்பது ஆகியவை கொழுப்பின் வேலையைச் செய்யும். சுரைக்காய்க்கெனத் தனி மணம் அதிகம் இல்லை. சேர்ந்ததன் சுவையை உறிஞ்சிக்கொள்ளும் தன்மை உண்டு. தையற்காரரின் குழம்பில் உப்புக்கண்டத்தின் சாறு முழுவதும் அந்தத் துண்டுகளில்தான் ஏறியிருக்கும். உப்புக்கண்டத்தின் இடத்தை வறுத்த மசாலாவும் பருப்பும் எடுத்துக்கொள்ளலாம். நீரைக் கூட்டிவிடக் கூடாது. சுரைக்காயே நீர் விடும். பிஞ்சுப் பலாவைக் கறி மசாலாவில் ஆக்கினால் உண்பவர் ஒருமுறை ஐயத்துடன் கேட்பார். மீன் மசாலா தடவி வறுத்த வாழைக்காயும் அப்படியே. கத்தரியைப் பாக்தாத் சமையற்காரர் செய்ததுபோல் உப்பு நீரில் இட்டு எடுத்துத் துடைத்து, முதலில் தனியே எண்ணெயில் வாட்டி, பின் தால்ச்சாவில் சேர்த்தால் அது கரைந்து போகாது.

இவ்வளவும் செய்வது பெரும்பாலும் பெண்களே என்பதால் இன்னொன்றையும் கூறிவிடுகிறோம். காய் நறுக்குவது கறி நறுக்குவதைவிட நேரம் பிடிக்கும் வேலை. சீனியவரைக்காயைக் கிள்ளி நார் எடுத்தவர்களுக்குத் தெரியும். "இன்னிக்கி வெறும் காய்தானா?" என்று கேட்கும் ஆண்கள் ஒரு நாள் அந்த முறத்தின் முன் அமர்ந்து பார்க்கலாம். நாம் அமர்ந்தோம். அரைக் கிலோவுக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று; வீட்டில் உள்ளவர்கள் நம்மை மீண்டும் அழைக்கவில்லை.

அந்தச் சம்பவத்திற்கு அடுத்த வாரம் தையற்காரரின் ஹதீஸையும், மூதாட்டியின் வெள்ளிக்கிழமைப் பானையையும் வகுப்பில் பாடமாக நடத்தினோம். எவருடைய பெயரையும் சொல்லவில்லை. பாடம் முடிந்ததும், சென்ற வாரம் சிரித்தவனே எழுந்து, ஸில்க் கீரை இங்கே கிடைக்குமா என்று கேட்டான். கிடைப்பது அரிது, தண்டுக்கீரையின் தண்டில் ஆக்கிப் பார்க்கலாம் என்றோம். அதற்கடுத்த ஜுமுஆ முடிந்தபின், வாற்கோதுமை மாவு கரைத்து, மிளகும் வெங்காயமும் சேர்த்துத் தண்டுக்கீரை ஆணம் ஒன்றை மத்ரஸா அடுப்பில் வைத்தோம். முதல்முறை மாவு அடியில் பிடித்துவிட்டது. கிளறிக்கொண்டே இருக்க வேண்டுமென்பதை அப்போதுதான் அறிந்தோம். இருந்தும் பிள்ளைகள் சட்டியைக் காலி செய்தனர். சுரைக்காய்க் கூட்டு கொண்டுவந்த சிறுவன் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டு, "எங்க உம்மா வச்சா இன்னும் நல்லா இருக்கும், ஹஜ்ரத்" என்றான்.